சுக்கான் இருவர் கையிலும்



பிள்ளைகளுக்கு மணமுடித்தாயிற்று. பணியிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. கால் நூற்றாண்டுக் காலம் பள்ளிப் புத்தகங்களும் பெருநாள் ஆரவாரமும் நிறைந்திருந்த வீட்டில் இப்போது இருவர் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். காலைத் தேநீருக்குப் பின் நெடும்பகல் ஒன்று காத்துக் கிடக்கிறது. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்வி எந்நாட்டுத் தம்பதியரையும் விட்டுவைப்பதில்லை. வட அமெரிக்காவில் இவ்வயதை எட்டிய தம்பதியர் சிலர் இதற்கு விந்தையான விடை ஒன்றைக் கண்டிருக்கின்றனர். வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, அல்லது வீட்டையே விற்றுவிட்டு, ஒரு மோட்டார் படகில் ஏறிக்கொள்கின்றனர். ஆறுகள், ஏரிகள், கால்வாய்கள், கடலோர நீர்வழிகள் என ஏறத்தாழ ஓராண்டு பயணம் செய்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகின்றனர். படகில் மாலுமி இல்லை, சமையற்காரர் இல்லை, பணியாள் இல்லை. கணவனும் மனைவியுமே எல்லாம்!

இம்மாதம் அப்பயணத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். "படகு வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?" என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாற்பது அடி நீளமுள்ள ஒரு படகுக்குள் இருவர் ஓராண்டு வாழ்வது எப்படி என்பதில், படகே ஏறாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நீரால் ஆன வளையம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் கிழக்குப் பாதியை ஒரு பெருந்தீவு என்றே சொல்லிவிடலாம். கிழக்கே அட்லாண்டிக் கடலோர நீர்வழி; வடக்கே நியூயார்க் கால்வாய்களும் கனடாவின் நீர்வழிகளும் பேரேரிகளும்; மேற்கே இல்லினாய், மிசிசிப்பி, ஒஹையோ, டென்னசி ஆறுகள்; தெற்கே மெக்சிகோ வளைகுடா. இவை அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்து ஒரு முழு வளையமாகச் சுற்றி வருகின்றன. இதற்கு 'கிரேட் லூப்', அதாவது மாபெரும் வளையம் என்று பெயர்.

இவ்வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 6,000 மைல். தேர்ந்தெடுக்கும் கிளைவழிகளுக்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும். பெரும்பாலோரின் படகுகள் மணிக்கு எட்டு அல்லது பத்து மைல் வேகத்தில் செல்பவை. நம் ஊர் மிதிவண்டியின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மைல் சென்று, மாலையில் ஏதேனும் ஒரு படகுத்துறையிலோ ஆற்று வளைவிலோ நங்கூரமிட்டுத் தங்குகின்றனர்.

படகுக்கு உயர வரம்பும் உண்டு. சிக்காகோ நகருக்கு அப்பால், கால்வாயின் குறுக்கே அமைந்த ஒரு பாலத்தின் அடிப்பகுதி நீர்மட்டத்திலிருந்து 19 அடி 6 அங்குல உயரத்தில்தான் இருக்கிறது. அதைவிட உயரமான படகு எத்தனை கோடி மதிப்புடையதாயினும் வளையத்தை முடிக்க இயலாது. அவ்விடத்தைச் சுற்றிச் செல்ல வேறு வழியும் கிடையாது.

இவ்வழியை நீண்ட காலமாகவே ஒரு சிலர் சுற்றி வந்திருக்கின்றனர். எனினும் இதைக் குடும்பத்தினரின் பயணமாகப் பலரும் அறியச் செய்தவர்களுள் ரான் ஸ்டாப், ஈவா ஸ்டாப் என்னும் தம்பதியர் முக்கியமானவர்கள். 1990களில் தாங்கள் மேற்கொண்ட பயணத்தை அவர்கள் நூலாக எழுதினர். இவ்வழியில் செல்வோருக்கென ஒரு சங்கத்தையும் 1999-ஆம் ஆண்டில் தொடங்கினர். பயணத்தில் இருப்பவர்கள் அச்சங்கத்தின் வெண்ணிறச் சிறுகொடியைப் படகின் முன்புறத்தில் பறக்கவிடுகின்றனர். வளையத்தை முடித்தவர்களுக்குப் பொன்னிறக் கொடி. அறிமுகமே இல்லாத இரு படகுகள் ஒரு துறையில் சந்திக்கும்போது, அக்கொடியைக் கண்டதும் கைகுலுக்கி நலம் விசாரித்து, வரும் வழியின் நிலவரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அவர்களிடையே வேரூன்றிவிட்டது.

பருவத்தின் பின்னே

இப்பயணத்தின் கால அட்டவணையை வகுப்பவர் பயணி அல்லர், வானமே வகுக்கிறது. குளிர்காலத்தில் வடபுலத்து ஏரிகளும் கால்வாய்களும் உறைந்துவிடும். கோடையில் தெற்கே சூறாவளிக் காலம். அது ஜூன் முதல் நவம்பர் இறுதிவரை நீடிக்கும். ஆகவே, வசந்தத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து வடக்கே புறப்பட வேண்டும். கோடையைக் கனடாவிலும் பேரேரிகளிலும் கழிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஆறுகள் வழியே தெற்கே இறங்க வேண்டும். குளிர்காலத்தில் மீண்டும் ஃப்ளோரிடாவின் இளவெயிலுக்கு வந்து சேர வேண்டும். இவ்வாறு இடஞ்சுழியாகச் சென்றால் இல்லினாய் ஆற்றிலும் மிசிசிப்பியிலும் நீரோட்டம் படகுக்குத் துணை நிற்கும்.

இத்தனை ஒழுங்கு இருந்தும், "குறித்த நாளில் போய்ச் சேர்ந்தே தீருவேன்" என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இப்பயணம் ஏற்றதன்று. மிச்சிகன் ஏரி 300 மைலுக்கு மேல் நீளமுடையது. பெயர்தான் ஏரி, காற்று எழுந்தால் கடலுக்கு நிகரான அலைகளைக் காட்டும். அங்கே துறைமுகத்தில் நான்கு நாள், ஐந்து நாள் என்று காத்துக் கிடப்பது மிகச் சாதாரணம். அட்டவணையைப் போல் ஆபத்தான பொருள் படகில் வேறொன்றும் இல்லை என்பது படகோட்டிகளிடையே வழங்கும் சொல்.

இதனால் பல தம்பதியர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றனர். காலையில் வானிலை அறிக்கையை இருவரும் சேர்ந்து கேட்பார்கள். இருவரில் எவரேனும் ஒருவர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால், அன்றைக்குப் படகு அவிழாது. காரணம் கேட்பதில்லை, "நீ வீணாகப் பயப்படுகிறாய்" என்று எள்ளுவதும் இல்லை. புறப்படுவதற்கு இருவரின் சம்மதமும் தேவை. நிற்பதற்கு ஒருவரின் சொல் போதும். நம்மிடையே மஷூரா, மஷூரா என்று மேடைகளில் பேசுகிறோமே, அது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

மலையேறும் படகுகள்

நியூயார்க் துறைமுகத்திலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே வடக்கே சென்றால் ஈரி கால்வாயின் வாயில் வரும். 1817-இல் வெட்டத் தொடங்கி 1825-இல் திறக்கப்பட்ட இக்கால்வாயின் நீளம் 363 மைல். இயந்திரங்கள் இல்லாத அக்காலத்தில் மண்வெட்டி, கோடரி, வெடிமருந்து, மாடு, குதிரை ஆகியவற்றைக் கொண்டே அதை வெட்டி முடித்தார்கள். அதற்கு முன் ஈரி ஏரிக்கரையிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கைக் கொண்டு சேர்க்க ஏறத்தாழ 100 டாலர் செலவாயிற்று. கால்வாய் வந்தபின் அது 10 டாலருக்கும் கீழே இறங்கியது. நியூயார்க் நகரம் அந்நாட்டின் பெருவணிகத் துறையாக வளர்ந்ததற்கு இந்த நீர்வழி ஒரு தலையாய காரணம்.

படகு மேட்டில் ஏறுவது எப்படி? அதற்குத்தான் 'லாக்' என்னும் அமைப்பு. இருபுறமும் பெருங்கதவுகள் கொண்ட நீர்த்தொட்டி என்று அதைச் சொல்லலாம். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். மேற்புறத்து நீரை உள்ளே விடுவார்கள். நீர் உயர உயரப் படகும் உயரும். மேல்மட்டத்தை அடைந்ததும் முன்கதவு திறக்கும். இறங்குவதற்கு இதுவே தலைகீழாக நடக்கும். சென்னைப் பக்கிங்ஹாம் கால்வாயில் படகுப் போக்குவரத்து நடந்த காலத்தில் இத்தகைய லாக்குகள் நம் நாட்டிலும் இருந்தன. ஈரி கால்வாயின் தொடக்கத்தில், வாட்டர்ஃபோர்டு என்னும் சிற்றூரில், ஐந்து லாக்குகள் படிக்கட்டுப் போல் அடுத்தடுத்து நின்று, இரண்டு மைலுக்குட்பட்ட தொலைவில் படகை 169 அடி உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. வளையம் முழுவதையும் சுற்றிவர நூற்றுக்கு மேற்பட்ட லாக்குகளைக் கடக்க வேண்டும்.

கனடா நாட்டின் டிரென்ட்-செவர்ன் நீர்வழி இன்னும் வியப்பானது. ஒண்டாரியோ ஏரியையும் ஹியூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவையும் இணைக்கும் இவ்வழி 386 கிலோமீட்டர் நீளமுடையது. 1833-இல் தொடங்கிய வேலை 1920-இல்தான் முழுமை பெற்றது. அவ்வழியிலுள்ள பீட்டர்பரோ நகரில் 1904-இல் திறக்கப்பட்ட படகுத்தூக்கி இன்றும் இயங்குகிறது. தராசின் இரு தட்டுகளைப் போல அங்கே இரண்டு பெருந்தொட்டிகள் உள்ளன. மேலேயுள்ள தொட்டியில் ஓரடி அளவு நீரைக் கூடுதலாக விடுகிறார்கள். அந்த எடையால் அது கீழே இறங்க, கீழேயுள்ள தொட்டி தன்னுள் மிதக்கும் படகுகளோடு 65 அடி மேலே எழுகிறது! நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தராசு பிசகவில்லை. அதே வழியில் பிக் சூட் என்னுமிடத்தில் படகைத் தண்டவாளத்தில் ஓடும் மேடையில் ஏற்றி, நிலத்தின் மேலேயே கொண்டுசென்று மறுபுறத்து நீரில் இறக்கிவிடுகின்றனர்.

கட்டாதே, பிடித்திரு!

இவ்வளவையும் வேடிக்கையாகப் படித்துவிட்டோம். லாக்கினுள் நிற்கும் படகில் இருப்போருக்கு அது வேடிக்கையன்று. நீர் பொங்கி வரும்போது படகு சுவரில் மோதலாம். பின்னால் நிற்கும் படகை இடிக்கலாம். ஒருவர் சுக்கானைப் பற்றியிருக்க, மற்றவர் படகின் ஓரத்தில் நின்று, சுவரிலுள்ள கட்டையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. கயிற்றைச் சுற்றலாம், முடிச்சுப் போட்டுக் கட்டிவிடலாகாது. நீர் இறங்கும்போது கயிறு முடிச்சிட்டிருந்தால் படகு நீரோடு இறங்க இயலாமல் சுவரில் தொங்கி ஒரு பக்கமாகச் சாயும். நீர் ஏறும்போது முடிச்சிட்டிருந்தால் படகின் ஓரம் கீழே இழுபடும். ஆகவே இறங்கும்போது சிறிது சிறிதாகக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏறும்போது சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று கயிற்றை அறுக்கக் கத்தி ஒன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். இல்லறத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டு சாய்ந்த குடும்பங்களை நாம் கண்டதில்லையா?

படகின் இரைச்சலில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. முன்பெல்லாம் கணவர் மேலிருந்து கத்துவார். மனைவி கீழிருந்து கத்துவார். கேட்கவில்லை என்பதால் குரல் உயரும். உயர்ந்த குரல் கோபமாகத் தோன்றும். துறையில் நிற்போர் அனைவரும் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது பலரும் காதில் பொருத்தும் பேசுகருவிகளை அணிந்துகொள்கின்றனர். இதனால் அருகில் நின்று பேசுவதுபோல் மென்மையாகவே பேசிக்கொள்ள முடிகிறது. அக்கருவிக்கு அவர்கள் வேடிக்கையாக வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'மணவாழ்வைக் காப்பது'! சொல்லும் செய்தி முன்பு சொன்னதுதான். குரல் தணிந்ததால் மட்டுமே சண்டை நின்றுபோயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பி ஓடும் ஆறு

மிச்சிகன் ஏரியின் தென்முனையில் சிக்காகோ நகரம். அந்நகரின் ஆறு ஒரு காலத்தில் ஏரிக்குள் பாய்ந்தது. ஊரின் சாக்கடையும் அதனோடு சேர்ந்து, மக்கள் குடிக்கும் ஏரி நீரில் கலந்தது. இதைத் தடுக்க ஒரு பெருங்கால்வாயை வெட்டி, 1900-ஆம் ஆண்டில் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். நம் பயணிகளின் படகு வானளாவிய கட்டடங்களின் நடுவே அவ்வாற்றின் வழியாகவே இறங்குகிறது.

அக்கால்வாயில் சிறிது தொலைவு சென்றதும் ஓரிடத்தில் நீரினுள் மின்சாரம் பாய்ச்சப்பட்டிருக்கும். அதைக் கடக்கும்போது கையையோ காலையோ நீரில் விடலாகாது. உயிர்காப்பு உடையை அணிந்திருக்க வேண்டும். எதற்காக இந்த மின்வேலி? நம் ஊர் மீன்பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளிக்கெண்டை மீனுக்காக! பண்ணைக் குளங்களைத் தூய்மை செய்யவென 1970களில் அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆசியக் கெண்டைகள் தப்பி ஆறுகளில் பெருகிவிட்டன. அவை பேரேரிகளுக்குள் புகுந்துவிடாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு. படகின் இயந்திர ஒலியைக் கேட்டால் வெள்ளிக்கெண்டைகள் நீரைவிட்டுத் துள்ளியெழும். இல்லினாய் ஆற்றில் செல்வோரின் படகுக்குள்ளேயே மீன் வந்து விழுவதுண்டு. முகத்தில் மோதிக் காயமுற்றவர்களும் உண்டு.

அப்பால் வருவது சரக்குப் படகுகளின் நாடு. பதினைந்து சரக்கு மிதவைகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே இழுவைப் படகு தள்ளிக்கொண்டு வரும். அதன் நீளம் ஆயிரம் அடியைத் தாண்டும். நினைத்த மாத்திரத்தில் நிறுத்த இயலாது. லாக்குகளில் அவற்றுக்கே முன்னுரிமை. நம் தம்பதியரின் சிறுபடகு மணிக்கணக்கில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். இங்கே சபுர் இல்லாதவர் சீக்கிரத்தில் களைத்துப் போவார்.

கிராஃப்டன் என்னுமிடத்தில் இல்லினாய் ஆறு மிசிசிப்பியோடு கலக்கிறது. அங்கிருந்து ஒஹையோ ஆறு வந்து சேரும் கைரோ வரை ஏறத்தாழ 220 மைல். ஆம், எகிப்தின் தலைநகருடைய பெயரைத் தாங்கிய சிற்றூர்தான் அது! அடித்து வரும் மரங்களும் சுழல்களும் நிறைந்த இந்த நீண்ட வழியில் சிறு படகுகளுக்குரிய துறைகள் மிகக் குறைவு. எரிபொருளைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளாதவர் நடு ஆற்றில் தவிக்க நேரும். அதன்பின் ஒஹையோவில் எதிர்நீச்சலிட்டு, டென்னசி ஆற்றுக்குள் புகுந்து, 1984-இல் கட்டிமுடிக்கப்பட்ட டென்னசி-டோம்பிக்பி நீர்வழியில் பத்து லாக்குகள் வழியே இறங்கினால், மெல்ல மெல்ல அலபாமாவின் மொபைல் விரிகுடாவை, அதாவது கடலின் வாயிலை அடையலாம்.

இரவில் விழித்திருப்பவர்

இனி வளையத்தின் மிகக் கடினமான பகுதி. ஃப்ளோரிடாவின் கராபெல் என்னும் சிறு துறைமுகத்திலிருந்து டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் வரை மெக்சிகோ வளைகுடாவின் திறந்த கடலைக் குறுக்கே கடக்க வேண்டும். தொலைவு ஏறத்தாழ 170 மைல். மெதுவாகச் செல்லும் படகுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுகரையை நெருங்கும் இடத்தில் நண்டுக்கூடுகளின் மிதவைகள் நிறைந்து கிடக்கும். அவற்றின் கயிறு படகின் விசிறியில் சிக்கினால் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே அவ்விடத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் கடக்க வேண்டும். முதல்நாள் பிற்பகலில் புறப்பட்டு இரவு முழுவதும் செல்வதைத் தவிர வழியில்லை.

கரை தெரியாத கடல்; காரிருள். ஒருவர் சில மணி நேரம் சுக்கானைப் பிடித்து, ரேடாரையும் திசைகாட்டியையும் பார்த்திருப்பார்; மற்றவர் உறங்குவார். பின்னர் முறை மாறும். அந்த உறக்கத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள், சகோதரர்களே! தன் துணை படகைச் செலுத்த அறிவார் என்ற உறுதி இருந்தாலொழிய அந்த நேரத்தில் கண்ணயர முடியுமா?

படகு வாங்கிய தொடக்கத்தில் பெரும்பாலான இல்லங்களில் நடப்பது என்ன? கணவரே எந்நேரமும் சுக்கானைப் பிடிப்பார். மனைவி கயிறு பிடிப்பார், சமைப்பார், கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் நலமாக நடக்கும், ஒரு நாள் வரை. அந்த ஒரு நாளில் கணவருக்கு நெஞ்சுவலி வந்தால்? கால் வழுக்கி அவர் நீரில் விழுந்துவிட்டால்? படகு செலுத்த அறிந்தவர் நீரில், அறியாதவர் படகில்! இயந்திரத்தை நிறுத்துவது எப்படி என்பதே அப்பெண்ணுக்குத் தெரியாது.

இந்த அச்சம் கற்பனையன்று. நீண்ட பயணம் செய்வோர் அனைவரும் அறிந்தது. எனவேதான் பெண்களுக்கென்றே படகு செலுத்தும் பயிற்சிகள் அங்கே நடத்தப்படுகின்றன. அவற்றில் முதற்பாடம் நான்கு செய்திகள். இயந்திரத்தை நிறுத்துவது, விழுந்தவர் மேலிருந்து பார்வையை எடுக்காமல் மிதவையை எறிவது, திசைகாட்டும் கருவியின் பொத்தானை அழுத்தி அவ்விடத்தைக் குறித்துவைப்பது, வானொலியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்து தாம் இருக்குமிடத்தைச் சொல்லி உதவி கேட்பது. இன்றைய கருவிகளில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலே படகின் இருப்பிடத்தோடு அபாயச் செய்தி சென்றுவிடுகிறது. ஆனால், அப்பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை முன்னரே ஒருவர் காட்டிக் கொடுத்திருக்க வேண்டுமல்லவா?

இதற்குப் பயிற்சி அமைதியான நாளில்தான் நடக்க வேண்டும். காற்றில்லாத காலையில், விரிந்த ஏரியில், கணவர் கீழே அமர்ந்துகொள்ள, மனைவி சுக்கானைப் பிடித்துத் துறையை நெருங்கிப் பழகுவார். முதல் முறை கோணலாக வரும். பத்தாம் முறை நேராக வரும். அருகிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கும் கணவரிடம் எந்த மனைவியும் கற்றுக்கொள்வதில்லை. இதைப் பயிற்சியாளர்கள் நன்கறிவர். அதனால்தான் கணவரைக் கரையில் நிறுத்திவிட்டுக் கற்பிப்பவர்களும் இருக்கின்றனர்!

நம் வீட்டுப் படகு

'வளைகுடா' என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் எழுவது வேறொரு நினைவு. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு என்று துபாயிலும் ரியாத்திலும் குவைத்திலும் உழைத்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் வந்துபோன சகோதரர்கள் எத்தனை எத்தனை பேர்! அக்காலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், வீடு கட்டும் கொத்தனாரோடு வாதாடியதும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் யார்? வீட்டுச் சுக்கானைப் பிடித்திருந்தவர் மனைவியே. பின்னர் ஒரு நாள் கணவர் நிரந்தரமாகத் திரும்பி வருகிறார். வந்தவுடன் சுக்கான் முழுவதும் தம் கைக்கு வர வேண்டும் என்று எண்ணுகிறார். இத்தனை ஆண்டுகள் செலுத்தியவர் பயணியாகி ஓரத்தில் அமர்கிறார். ஓய்வுக்கால இல்லங்களில் எழும் கசப்புகளில் எத்தனையோ இங்கிருந்துதான் முளைக்கின்றன.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. அங்கே வங்கிக் கணக்கு, நிலப்பத்திரம், கொடுக்கல் வாங்கல், காப்புறுதி எல்லாம் கணவர் ஒருவருக்கே தெரியும். "உனக்கெதற்கு இந்தத் தொல்லை?" என்று அன்போடுதான் சொல்லியிருப்பார். அவர் திடீரென மவுத்தாகிவிட்டால், இத்தாவில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் வந்து, "பத்திரம் எங்கே? யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? எவரிடமிருந்து வர வேண்டும்?" என்று கேட்பார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் துழாவும் அவளுக்கு என்ன தெரியும்? கணவர் கடனை நிறைவேற்ற வேண்டும் என்று துடிக்கிறாள். கடன்காரர் யாரென்றே தெரியவில்லை. அன்பு குறைந்ததனால் நேர்ந்ததன்று இது. சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்க நேரம் ஒதுக்காததால் நேர்ந்தது.

ஆகவே, இவ்விதழைப் படிக்கும் தம்பதியரிடம் ஒரு வேண்டுகோள். இம்மாதத்தில் அமைதியான ஒரு மாலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். கணவர் தம்மிடமுள்ள தாள்களையெல்லாம் எடுத்து வைத்து, கணக்கு எந்த வங்கியில், பத்திரம் எந்தப் பெட்டியில், கடன் யாரிடம், கைமாற்று யாருக்கு என்று ஒரு குறிப்பேட்டில் இருவருமாக எழுதி வையுங்கள். மின்கட்டணம் செலுத்துவதையும் வங்கியில் பணம் எடுப்பதையும் அடுத்த முறை மனைவியே செய்யட்டும். கணவர் அருகில் பேசாமல் நிற்கட்டும். அதேபோல் கணவரும் அடுப்படிக்குள் சென்று அரிசி எங்கே, பருப்பு எங்கே, மனைவி நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை எது, எந்த நேரத்தில் என்று கேட்டறியட்டும். தனித்து விடப்பட்ட முதிய ஆண்கள் ஒரு கோப்பைத் தேநீருக்காக மருமகளின் முகம் பார்த்து நிற்கும் நிலை, தனித்து விடப்பட்ட பெண்களின் நிலையைவிட இரங்கத்தக்கதாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். 'சுக்கான்' என்ற சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. 'மாலுமி' என்பதோ, கற்பிப்பவர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். கடலோடிகளாக வாழ்ந்த நம் மரக்காயர் முன்னோரின் நாவில் பழகிய சொற்கள் இவை. படகைச் செலுத்துபவருக்குக் கற்பிப்பவர் என்று பெயர் வழங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அன்றைய கடலில் மதிக்கப்பட்டிருப்பார். இன்றைய வீட்டிலும் மதிக்கப்படுவார்.

அந்த மாலைப்பொழுதை எந்த நாளில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை இன்றே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.